நோட்டில் நடுப் பத்தி

(தில்லியில் நம் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



போன மாதம் காரியதரிசி போன் செய்து, "ஸார், நீங்கள் நிறையப் படிக்கிறவர். புத்தகங்களைப் பற்றி அரை மணி பேசுங்கள்" என்றார். நிறையப் படிக்கிறவன் என்று அவரிடம் யார் சொன்னார்களோ! எங்கள் பால்கனியில் காயப் போட்டிருக்கும் பழைய புத்தகங்களைப் பார்த்துவிட்டு அப்படி நினைத்திருக்கலாம். நல்ல வெயில் கண்டால் அப்பளமும் புத்தகமும் சேர்ந்து வெளியே வருவது எங்கள் அகத்து வழக்கம்.

நான் இலக்கியம் படித்தவன் அல்ல. 1970-ல் திருச்சியில் வேதியியலில் பி.எஸ்ஸி. முடித்தேன். 1972 நவம்பரில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தில்லி வந்து இறங்கினேன். முப்பத்தெட்டு வருஷம் மத்திய சர்க்காரின் கோப்புகளைப் புரட்டிவிட்டு 2010-ல் ஓய்வு பெற்றேன். என் கையால் அதிகம் எழுதிய வாக்கியம் 'தங்கள் பார்வைக்கும் உத்தரவுக்கும்' என்பதுதான். ஆகவே இலக்கிய விமரிசனத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் காபி வரும்வரை என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்னிடம் இருப்பது ஒரு நோட்டு. சரியாகச் சொன்னால் ஏழு நோட்டுகள். 1974 ஜனவரியில் ஆரம்பித்தது. அப்போது கரோல்பாகில் ஒரு மாடி அறையில் நாங்கள் மூன்று பிரம்மசாரிகள். தமிழ்ப் பத்திரிகைகள் இரண்டு நாள் பழசாகி ரயிலில் வந்து சேரும். தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் புத்தகம் எடுப்பேன். படித்ததையே மறந்துபோய் மறுபடி எடுத்துவிடுகிறேன் என்று தெரிந்ததும், கல்லூரி ரெகார்டு நோட்டு மாதிரி ஒன்று போட்டேன். வேதியியல் படித்தவர்களுக்குத் தெரியும், உப்புப் பகுப்பாய்வுக்கு மூன்று பத்தி பிரிப்போம்: செய்தது, கண்டது, முடிவு. நானும் மாதத்துக்கு ஒரு பக்கம், மூன்று பத்தி என்று வைத்துக்கொண்டேன். முதலாவது 'படித்தது'. மூன்றாவது 'படிக்க வேண்டியது'. நடுவில் என்ன போடுவது என்று யோசித்து, காலியாக விடவேண்டாமே என்று 'வீட்டில்' என்று எழுதினேன். கல்யாணம் ஆகாதவனுக்கு வீடு ஏது! முதல் மூன்று வருஷம் அந்தப் பத்தியில் ஊரிலிருந்து வந்த கடிதத்தின் தேதி மட்டும் இருக்கிறது.

1977-ல் கல்யாணம். அதற்குப் பிறகும் நடுப் பத்தி பெரிதாக வளரவில்லை. 'சௌக்கியம்.' அடுத்த மாதம் அதே என்பதற்கு இரண்டு கோடு. 1983 ஏப்ரலில் 'பிள்ளை பிறந்தான். 3.1 கிலோ' என்று ஒரு வரி. அதே பக்கத்தில் முதல் பத்தியில் இந்திரா பார்த்தசாரதியின் ஒரு நாவலைப் பற்றிப் பதினான்கு வரி. இதை எழுதியவன் நான்தான், கையெழுத்தும் என்னுடையதுதான்.

இனி என் சகதர்மிணியின் கண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன்.

2019 மார்கழியில் ஒரு நாள் காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் உள்ளே வந்து, "ஏன்னா, புள்ளியை நேராத்தான் வெச்சேன், கோடு வளையறது" என்றாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டே, "தரை மேடு பள்ளமா இருக்கும்" என்றேன். மயூர் விஹாரில் அடுக்குமாடியில் எங்கள் வாசல் மொசைக் தரை. அதில் மேடு ஏது, பள்ளம் ஏது? நாலைந்து நாள் கழித்து, "உங்க முகத்தைப் பார்த்தா முகம் இல்லை, காது மட்டும் தெரியறது" என்றபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

கண் டாக்டர் சொன்ன பெயர் மாக்குலர் டீஜெனரேஷன். கண்ணுக்குள் விழித்திரை என்று ஒரு திரை. அதன் நட்டநடுவில் ஒரு சிறு இடம்தான் எழுத்துப் படிக்கவும், ஊசியில் நூல் கோக்கவும், முகத்தை அடையாளம் காணவும் வேலை செய்வது. வயதானால் சிலருக்கு அந்த இடம் கெட்டுப்போகிறது. ஓரம் தெரியும், எதைப் பார்க்க வேண்டுமோ அது தெரியாது. இதில் ஒரு வகைக்கு, விழித்திரைக்கு அடியில் புதுசாக முளைக்கும் ரத்தக்குழாய் கசியாமல் இருக்கக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். ஒரு தடவையோடு முடிவதில்லை, வாரக் கணக்கு வைத்துத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். அவளுக்கு இடது கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது. வலது கண்ணுக்கு ஊசி ஆரம்பித்தார்கள்.

இடையில் ஒரு வார்த்தை. நம் வயதுக்காரர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் கட்டம் போட்ட ஒரு தாளை ஒட்டி வையுங்கள். நடுவில் ஒரு புள்ளி வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படிக்கும் கண்ணாடியோடு அந்தப் புள்ளியைப் பாருங்கள். பிறகு மறு கண். கோடு நெளிந்தால், நடுவில் ஓட்டை விழுந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஆம்ஸ்லர் என்ற ஸ்விஸ் டாக்டரின் பெயரில் வழங்கும் பரீட்சை அது. நம் வீட்டுப் பெண்கள் தினமும் காலையில் வாசலில் குனிந்து அதே பரீட்சையைத்தான் செய்துகொள்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற புருஷன் காது கொடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. டாக்டர் என்னிடம் இங்கிலீஷில் வேகமாகப் பேசியிருந்தார். "என்ன சொன்னார்?" என்று கேட்டாள். நான் ஆபீஸ் நோட்டிங் மாதிரிச் சொன்னேன். இடது கண்ணில் நடுப்பார்வை போனது போனதுதான். வலது கண்ணுக்கும் உத்தரவாதம் இல்லை. ஓரப்பார்வை இருக்கும், நடமாட்டத்துக்குக் குறைவில்லை. மூன்று விஷயம், மூன்று வாக்கியம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரியாகப் புரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. ஊசி பத்து வாரம் தள்ளிப்போயிற்று. யாரையும் குறை சொல்ல முடியாத காலம். அதற்குள் வலது கண்ணிலும் எழுத்து கரைய ஆரம்பித்துவிட்டது. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஒரு பாராவுக்கு கால் மணி நேரம் ஆகும். ஒரு நாள் கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டு, "போறும்" என்றாள். அன்று சாயங்காலம் விளக்கேற்றினபின் நான் ஒரு புத்தகத்தை எடுத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். 2020 ஜூன். பெரிய தீர்மானம் எதுவும் இல்லை. வெளியே போக முடியாது, டி.வி.யில் எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தார்கள், சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

முதலில் எடுத்தது 'பொன்னியின் செல்வன்'. தெரிந்த கதை, தவறு வராது என்ற நினைப்பு. உரக்கப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் கல்கியின் கெட்டிக்காரத்தனம் புரிந்தது. வாரப் பத்திரிகையில் 1950-லிருந்து 1954 வரை வந்த தொடர். ஒரு வீட்டில் ஒருவர் படிக்க, நாலு பேர் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாக்கியம் மூச்சு வாங்குகிற இடத்தில் முடிகிறது. தி. ஜானகிராமனில் பேச்சு வருகிற இடமெல்லாம் தானாகவே வாயில் வந்துவிடும், தஞ்சாவூர்க்காரனுக்கு நடிக்கவே வேண்டாம். தேவனைப் படிப்பதுதான் சிரமம். படிக்கிறவன் முன்னால் சிரித்துவிட்டால் கேட்கிறவர்களுக்கு என்ன மிச்சம்! இக்காலத்து நாவல்கள் சிலவற்றையும் எடுத்துப் பார்த்தேன். அரைப் பக்கத்துக்கு ஒரு வாக்கியம். எழுபது வயது நுரையீரலை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பெயர் சொல்ல மாட்டேன்.

அளக்கிற புத்தி போகாதே, அளந்தேன். உரக்கப் படித்தால் ஒரு மணிக்கு இருபது பக்கம். மனசுக்குள் படிக்கிறபோது அறுபது பக்கம் தள்ளிவிடுவேன். அந்த நாற்பது பக்க வித்தியாசத்தில் எதையெல்லாம் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

பிள்ளை பேசும் புத்தகம் என்று ஒன்றைப் போனில் போட்டுக் கொடுத்தான். நல்ல குரல், சுத்தமான உச்சரிப்பு. இவள் இரண்டு நாள் கேட்டுவிட்டு, "நடுவுல நிறுத்தி, அதெப்படின்னு அவாகிட்டக் கேட்க முடியலையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

அடுத்து என்ன படிப்பது என்று தேடத்தான் பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினேன். 1978 ஆகஸ்டில் 'ஆரோக்ய நிகேதனம்' இருந்தது. தாராசங்கர் பந்த்யோபாத்யாயா வங்காளியில் எழுதி 1956-ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற நாவல். தமிழில் த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்த்தது. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வங்காளத்தில் ஒரு கிராமம். ஜீவன் மஷாய் என்று பரம்பரை வைத்தியர். நாடியைப் பிடித்தால் நோயாளி பிழைப்பானா, எத்தனை நாள் தாங்குவான் என்று சொல்லிவிடுவார், அது பலிக்கும். புது மருந்துகளோடு ஊருக்கு ஒரு இளம் டாக்டர் வருகிறார். ஒரு மனிதனுக்கு நாள் குறிப்பது பாவம் என்பது அவர் கட்சி. இரண்டு பேருக்கும் நடக்கும் தர்க்கம்தான் கதை என்று நான் நினைத்திருந்தேன். என் குறிப்பைப் படிக்கிறேன்: 'பழைய வைத்தியத்துக்கும் நவீன விஞ்ஞானத்துக்கும் உள்ள போராட்டம் நடுநிலையோடு சொல்லப்பட்டுள்ளது. நாடி சாஸ்திரத்துக்கு அளந்து பார்க்கக்கூடிய ஆதாரம் தரப்படவில்லை. வைத்தியரின் மனைவி பாத்திரத்தில் சிடுசிடுப்பு மிகை.'

பி.எஸ்ஸி. வேதியியல் பேசுகிறது.

இதை நான் உரக்கப் படித்ததும் அவள் சிரித்துவிட்டு, "அந்த மாமியைப் பத்தி இவ்வளவுதான் எழுதினேளா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ எப்போ படிச்சே?" என்றேன். "நீங்க படிச்சப்புறம்தான். லைப்ரரி புஸ்தகம் பதினாலு நாள். நீங்க மூணு நாள்ல முடிச்சுடுவேள். மிச்சம் பதினோரு நாள் எனக்கு."

நாற்பத்து மூன்று வருஷக் குடித்தனத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த தகவல் இது. நான் ஆபீஸ் போனபிறகு, மத்தியானம் பாத்திரம் தேய்த்து முடித்து, இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை. நான் கொண்டுவந்த எல்லாப் புத்தகத்தையும் அவள் படித்திருக்கிறாள். எதைப் பற்றியும் என்னிடம் பேசியதில்லை. "கேட்டேளா?" என்றாள். கேட்கவில்லைதான்.

சரி, மறுபடி படிப்போம் என்று 'ஆரோக்ய நிகேதன'த்தை எடுத்தேன். தினம் ஒரு மணி நேரம். வைத்தியரின் மனைவி ஆத்தர் பௌ. அவருக்கு முதலில் பேசியிருந்த பெண் வேறொருத்தி. அது முறிந்துபோய், அந்த இடத்தில் வந்தவள் இவள். அது அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையின் நாடியையும் வைத்தியர் பார்க்கிறார். அவன் தங்கமாட்டான் என்று தெரிந்துகொள்கிறார், அது மனைவிக்கும் தெரிந்துபோகிறது. பிள்ளையும் போய்விடுகிறான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பேசுகிற ஒவ்வொரு பேச்சும் முள். 1978-ல் என் கண்ணுக்கு முள் மட்டும் தெரிந்திருக்கிறது.

படித்து நிறுத்தினேன். இவள் சொன்னாள்: "பெத்த பிள்ளைக்கு நாள் குறிச்சவர். அதுக்கப்புறமும் அவ சிரிச்சுண்டே சாதம் போடணுமா? தெரிஞ்சதைச் சொல்றது தப்புன்னு நான் சொல்லலை. ஊர்ல அத்தனை பேர் கையைப் பிடிச்சார், எல்லாம் நாடி பார்க்கத்தான். அவ கையைச் சும்மா ஒரு நாள் பிடிச்சுண்டாரா?"

நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "அன்னிக்கு மெட்ரோவுல நீங்க பையைப் பிடிச்சுண்டிருந்தேள்."

ரிப்போர்ட்டும் ஸ்கேனும் இருந்த பை. கசங்கக் கூடாதே என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்றைக்கு அதற்கு மேல் படிக்கவில்லை. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். கடைசியில் ஜீவன் மஷாய் தன் நாடியையே தான் பார்த்துக்கொள்ளும் இடம் வரும். இந்திய நாவல்களில் அதற்கு ஈடான ஒரு முடிவை நான் அதிகம் படித்ததில்லை. இவள் மட்டும், "பார்த்தேளா, கடைசிலயும் தன் கையைத்தான் பிடிச்சுண்டார்" என்றாள்.

அதிலிருந்து ஒரு வேலை ஆரம்பித்தோம். பழைய நோட்டுகளை மாதம் மாதமாக நான் படிப்பேன், அவள் அபிப்பிராயம் சொல்வாள், ஓரத்தில் சிவப்பு மசியில் எழுதிக்கொள்வேன். என் நோட்டிங்கின்மேல் மேலதிகாரி எழுதுகிற மாதிரி. பல இடங்களில் 'ஒப்புக்கொள்ளவில்லை' என்றுதான் இருக்கிறது. லக்ஷ்மி, அநுத்தமா, ராஜம் கிருஷ்ணன், ஆர். சூடாமணி இவர்களையெல்லாம் நான் 'பெண்கள் கதை' என்று ஒரே வார்த்தையில் கட்டி ஒதுக்கியிருந்தேன். லக்ஷ்மி டாக்டர் என்பதோ, அநுத்தமா நாவலில் மனநோயை எடுத்துக்கொண்டு எழுதினார் என்பதோ எனக்குத் தெரியாது. விஞ்ஞானம் படித்தவன் நான்!

தி.ஜா.வின் 'அம்மா வந்தாள்' வந்தபோது எனக்குத் தயக்கம். அலங்காரத்தம்மாளின் கதையை மனைவிக்கு உரக்கப் படிப்பதா என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். "படியுங்கோ. எங்கம்மா அரிசி டின்னுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுப் படிச்ச புஸ்தகம்" என்றாள். மாமியாரைப் பற்றி இன்னும் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டியிருக்குமோ!

1984 நவம்பர் பக்கத்துக்கு வந்தோம். அப்போது அரசுக் குடியிருப்பில் இருந்தோம். மேல் வீட்டில் ஒரு சர்தார்ஜி குடும்பம். இந்திரா காந்தி அக்டோபர் 31-ல் சுடப்பட்ட பிறகு தில்லியில் என்ன நடந்தது என்று உங்களில் பலர் கண்ணால் பார்த்தவர்கள், நான் விவரிக்கத் தேவையில்லை. என் நோட்டில் முதல் பத்தியில் அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. செகந்திராபாத், ரஜாக்கர் காலம், இந்தியாவோடு ஹைதராபாத் இணைந்த சமயம். 'கலவரச் சூழலை ஆசிரியர் மிகை இல்லாமல் சித்தரிக்கிறார்' என்று ஆரம்பித்துப் பதினெட்டு வரி. நடுப் பத்தியில்: 'மூன்று நாள் பால் வரவில்லை.'

அந்த மூன்று நாளும் மேல் வீட்டுக் குழந்தைகள் இரண்டு பேர் எங்கள் உள்ளறையில், பூஜை அலமாரிக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். பெரியவனுக்கு ஒன்பது வயது. சத்தம் போடக் கூடாதென்று இவள் சோழி வைத்துப் பல்லாங்குழி சொல்லிக் கொடுத்தாள். வாசலில் யாராவது வந்தால் நான் போய் நின்று பேசி அனுப்புவேன். இரண்டு பேரும் சேர்ந்து செய்ததுதான். எழுதும்போது அரசாங்க ஊழியன் எதையும் எழுத்தில் வைக்கப் பயந்தேனா, அல்லது நோட்டில் எழுதத் தகுந்தது புத்தகம்தான் என்று இருந்துவிட்டேனா, இன்றைக்கு யோசித்தால் விளங்கவில்லை. இவள் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கத்தில் இடம் போதாமல் தனித்தாள் ஒட்டி எழுதி வைத்தேன். அவள் நினைவில் அந்தப் பையன் பல்லாங்குழியில் ஏமாற்றினது வரைக்கும் இருக்கிறது.

புத்தகம் எங்கே வாங்குகிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். தர்யாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகக் கடைகள் 2019-ல் நடைபாதையிலிருந்து மஹிளா ஹாட்டுக்குப் போய்விட்டன. இப்போதும் போகிறேன், தமிழ் எப்போதாவது அகப்படும். ஆரம்பத்திலிருந்து கைகொடுத்தது தமிழ்ச் சங்க நூலகமும், உலகப் புத்தகக் காட்சியும், சாகித்ய அகாதெமி, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகளும்தான். தில்லியில் இருக்கிற நமக்கு மற்ற மாநிலத்து மனுஷாளைத் தமிழில் அறிமுகப்படுத்தியதே அந்த இரண்டு நிறுவனங்களின் மொழிபெயர்ப்புகள். அதீன் பந்த்யோபாத்யாயாவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' சு. கிருஷ்ணமூர்த்தி மொழிபெயர்த்தது. அதைப் படித்துவிட்டுத்தான் சித்தரஞ்சன் பார்க் மீன் மார்க்கெட்டில் நிற்கிற வயதான வங்காளிகள் எதை விட்டுவிட்டு வந்தவர்கள் என்று எனக்குத் தெரிந்தது.

கடைசியாக, வழக்கப்படி இந்த 2025 அக்டோபர் மாதப் பக்கத்தை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

படித்தது. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்', பெரிய புத்தகம், ஆகஸ்டில் ஆரம்பித்து இந்த மாதம் முடிந்தது. முடிந்தது என்று சொல்வது தப்பு. ஐயரவர்கள் 1942 ஏப்ரலில் காலமானதால் ஆனந்த விகடனில் வந்துகொண்டிருந்த தொடர் அப்படியே நின்றுவிட்டது. தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லச் சொல்லச் சிஷ்யர்கள் ஏட்டில் எழுதியதையெல்லாம் அவர் சொல்லும் இடங்கள் உரக்கப் படிக்கவென்றே எழுதியவை போல இருக்கின்றன. எங்கே சாப்பிட்டார், யார் போட்டார்கள் என்பதை ஒரு வேளைகூட மறக்காமல் எழுதியிருக்கிறார். முன்பு படித்தபோது இது எதற்கு என்று குறித்திருக்கிறேன். இவள் சொல்கிறாள், தமிழுக்கு அவர் செய்ததை ஊரெல்லாம் எழுதும், சாதம் போட்டவர்களை அவர்தானே எழுத வேண்டும் என்று.

வீட்டில். தசரா விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். பதினோரு வயது. ஹிந்தியும் இங்கிலீஷும் மளமளவென்று படிப்பாள், தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. பாட்டிக்குத் தானும் படித்துக் காட்டுகிறேன் என்று பிரேம்சந்தின் 'ஈத்காஹ்' கதையை எடுத்தாள். ஹமீத் என்ற ஏழைப் பையன் பண்டிகைச் சந்தையில் தன்னிடம் இருந்த மூன்று பைசாவுக்கு மிட்டாயும் பொம்மையும் வாங்காமல், ரொட்டி சுடும்போது பாட்டிக்குக் கை சுடுகிறதே என்று ஒரு இடுக்கி வாங்கி வருகிற கதை. காய்கறிக்காரனோடு நாற்பத்தெட்டு வருஷம் பேரம் பேசிய ஹிந்தி இவளுக்கு. தடையில்லாமல் புரிந்தது. முடிந்ததும் பேத்தி, "நீங்க ஏன் பாட்டி அழறேள்?" என்றாள். "மூணு பைசாவுக்கு இறங்கி வந்தானே, அந்தக் கடைக்காரன் நல்லவன்" என்றாள் பாட்டி. குழந்தைக்கு அது வேடிக்கையாகப் போய்விட்டது. ஊருக்குத் திரும்புவதற்குள் தமிழில் பன்னிரண்டு உயிரெழுத்தும் எழுதக் கற்றுக்கொண்டாள். கற்பித்தது பாட்டி. வாசல் தரையில் கோலமாவால் பெரிது பெரிதாக. அந்த அளவில் எழுதினால் அவளுக்கே ஓரக்கண்ணால் தெரிகிறது. 'ஈ'யின் இரண்டு புள்ளியைக் குழந்தை வைத்ததாம். கோலப் புள்ளி மாதிரி நேராக இருந்தது என்று சர்ட்டிஃபிகேட்.

வலது கண்ணுக்கு இந்த மாதம் ஊசி போட்டாயிற்று. கட்டத் தாளில் போன மாதத்தைவிட மோசமில்லை. திரும்பி வரும்போது மெட்ரோவில் பையைக் காலடியில் வைத்துக்கொண்டேன்.

படிக்க வேண்டியது. இந்தப் பத்தி இப்போது என் கையில் இல்லை, அவள் சொல்ல நான் எழுதுகிறேன். நவம்பருக்கு ஆர். சூடாமணியின் சிறுகதைகள். இருக்கிற சொத்தையெல்லாம் தர்ம காரியங்களுக்கு எழுதி வைத்துவிட்டு 2010-ல் காலமானவர் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். கதைகளைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். நான் முன்மொழிந்த குர்ரதுல்ஐன் ஹைதரின் 'அக்னி நதி' மூன்றாவது தடவையாக அடித்துவிடப்பட்டது. காலம் மாறிக்கொண்டே போகிறது, பெயர்கள் நினைவில் நிற்காது, காதால் கேட்கிறவளுக்கு ஆகாது என்பது தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

டிசம்பருக்கு அநுத்தமாவின் 'மணல் வீடு'. இதில்தான் உங்கள் உதவி வேண்டும். கல்யாணத்தின்போது அவள் பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த பழைய பிரதி ஒன்று இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் கரையான் பிடித்துக் கடைசிப் பக்கங்கள் போய்விட்டன. எத்தனை பக்கம் என்றுகூட எண்ண முடியவில்லை. தில்லியில் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. இந்தப் பேச்சு நம் இதழில் வரும் என்று காரியதரிசி சொல்கிறார். மும்பையிலோ, கல்கத்தாவிலோ, நாகபுரியிலோ, ஜம்ஷெட்பூரிலோ அங்கத்தினர் யார் வீட்டுப் பரணிலாவது முழுப் பிரதி இருந்தால், கிளை மூலமாகத் தெரிவித்தால் போதும். தபால் செலவு என்னுடையது, படித்துவிட்டு ஜாக்கிரதையாகத் திருப்பி அனுப்பிவிடுவேன். முழுப் புத்தகம் தர மனமில்லாவிட்டால் கடைசி அத்தியாயங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினாலும் சரி.

அவள் பதினாறு வயதில் படித்தது. "முடிவு எனக்கு ஞாபகம் இருக்குன்னா. ஆனா அது அவா எழுதின முடிவா, நானா நினைச்சுண்ட முடிவான்னுதான் தெரியலை" என்கிறாள். அவளுடைய முடிவு என்ன என்று கேட்டேன். புத்தகம் வந்தபிறகு சொல்கிறாளாம்.